கன்வேட்டருக்கு முத்திரை எதற்கு?

ஹட்டன், பண்டாரவளை, நுவரெலியா பக்கத்துக் கராஜ்களில் கன்வேட்டர், அதாவது வண்டிப் புகையின் நச்சைக் குறைக்கும் பெட்டி, பற்றிய பேச்சு பெரும்பாலும் மூன்று வசனங்களில் முடிந்துவிடும். "அதைக் கழற்றி எறிஞ்சா ஏற்றத்துல இழுவை கூடும்." "உள்ள இருக்கிறத குத்தி எடுத்தாலும் புகைச் சான்றிதழ் கிடைக்கும்." "புதுசு போட்டாச்சு, இனிப் பிரச்சினை இல்ல." முதலாவது பெரும்பாலும் பிழை. இரண்டாவது பல வண்டிகளில் உண்மை, சங்கடமே அதுதான். மூன்றாவது, போட்டது எந்தப் "புதுசு" என்பதைப் பொறுத்தது.

வண்டியின் புகையை ஆண்டுக்கொரு தடவை சோதித்தால் போதாதா? கடையில் விற்கும் உதிரிப்பாகத்துக்கும் ஏன் சில அரசாங்கங்கள் தனியாகச் சட்டம் போடுகின்றன? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. பெற்றோல் வண்டியை வைத்தே விளக்குகிறோம். டீசலுக்குக் கடைசியில் கொஞ்சம் இடம் உண்டு.

தராசும் சுருளும்

கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு சுருள்வில் இருக்கிறது. சுருள் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். டவுனில் ஏதோ ஒரு கடையில் அதே நீளம், அதே தடிப்பில் ஒரு சுருளை வாங்கிப் போடுகிறார்கள். கொக்கி தொங்குகிறது, முள் அசைகிறது. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை.

தராசு சரியா என்று பார்க்க இரண்டு வழி உண்டு. முதல் வழி, 10 கிலோப் படிக்கல்லைத் தொங்கவிட்டு முள் 10-இல் நிற்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவது வழி, சுருளைச் செய்தவரிடமே கணக்குக் கேட்பது: இது எந்தத் தராசுக்குரியது, எத்தனை ஆயிரம் தடவை இழுத்த பிறகும் அளவு மாறாமல் இருக்கிறது, அதற்குச் சோதனை அறிக்கை எங்கே? அறிக்கை இருந்தால் சுருளில் முத்திரை, இல்லாவிட்டால் விற்பனைக்கு அனுமதி இல்லை.

முதல் வழியில் ஓர் ஓட்டை இருக்கிறது. 10 கிலோவுக்குச் சரியாக நிற்கும் தராசு 25 கிலோவில் இரண்டு கிலோவை விழுங்கலாம். இன்றைக்குச் சரியாக இருப்பது மூன்று மாதத்தில் தளரலாம். படிக்கல் சோதனை அந்த இடத்தை, அந்த நேரத்தை மட்டுந்தான் சொல்லும்.

நம் ஊர்ப் புகைப் பரிசோதனை முதல் வழியைச் சேர்ந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மாற்றுக் கன்வேட்டருக்கு இருக்கும் சட்டங்கள் இரண்டாவது வழி. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

எஞ்சினில் இருந்து சைலன்சர் வரை போகும் குழாயின் நடுவே தகரப் பெட்டி மாதிரி ஒன்று இருக்கும். அதுதான் கட்டலிட்டிக் கன்வேட்டர், சுருக்கமாகக் கன்வேட்டர்: எஞ்சினின் நச்சுவாயுக்களை வெளியே விடுமுன் வேறு வாயுக்களாக மாற்றும் கருவி.

உள்ளே தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டி. ஒரு சதுர அங்குலத்துக்குள் ஏறக்குறைய 400 நுண்துளைகள் இருப்பது சாதாரணம். அந்தத் துளைகளின் சுவரில் அலுமினியம் ஒட்சைட்டுப் பூச்சு, அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் பதிந்திருக்கும். மொத்தமாகச் சேர்த்தால் சில கிராம்தான். பெட்டியின் விலையும் இந்தச் சில கிராமில்தான் இருக்கிறது. திருடர் கண்ணும் அதில்தான்.

இந்த உலோகங்களை ஊக்கி என்பார்கள். ஊக்கி என்பது கல்யாணத் தரகர் மாதிரி. இரண்டு தரப்பையும் சந்திக்க வைக்கும், காரியம் முடிந்ததும் தான் மாறாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். நச்சான காபனோரொட்சைட்டு ஒட்சிசனோடு சேர்ந்து காபனீரொட்சைட்டு ஆகிறது. எரியாமல் வந்த பெற்றோல் ஆவி, அதாவது ஐதரோகாபன், நீராவியும் காபனீரொட்சைட்டுமாக மாறுகிறது. நைதரசன் ஒட்சைட்டுகள் ஒட்சிசனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் நைதரசனாகின்றன. மூன்றையும் ஒரே பெட்டி செய்வதால் இதற்கு மும்முனைக் கன்வேட்டர் என்று பெயர்.

தரகர் வேலை செய்யச் சூடு வேண்டும். ஏறக்குறைய 250 முதல் 300 பாகை செல்சியசுக்குக் கீழே பெட்டி தூங்கிக்கொண்டிருக்கும். மறுபக்கம் 1,000 பாகையைத் தாண்டினால் உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து, வேலை செய்யும் பரப்பு சுருங்கிவிடும். இன்னும் ஏறினால் பீங்கானே உருகும்.

சூடு மட்டும் போதாது, காற்றும் பெற்றோலும் சரியான விகிதத்தில் இருக்க வேண்டும். நிறைப்படி ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று. இதிலிருந்து கொஞ்சம் விலகினாலும் மூன்று வேலையில் ஒன்று கெடும்.

தண்ணிப் பீப்பாய்

விலை குறைந்த கன்வேட்டர் ஏன் சில மாதத்தில் செக் எஞ்சின் விளக்கை எரியவிடுகிறது என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. அதனால் இந்தப் பகுதியை மெதுவாக வாசியுங்கள்.

எஞ்சின் கம்பியூட்டரால் 14.7-இல் அசையாமல் நிற்க முடியாது. ஒரு கணம் பெற்றோல் கொஞ்சம் கூடும், மறுகணம் காற்று கொஞ்சம் கூடும். லயத்துக் குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வருவது போல. வீட்டு வாசலில் பீப்பாய் வைத்திருந்தால் அந்த விட்டுவிட்டு வரும் வரத்து உங்களைப் பாதிக்காது. வரும்போது நிரம்பும், நிற்கும்போது அதிலிருந்து மொண்டுகொள்ளலாம்.

கன்வேட்டருக்குள்ளும் அப்படி ஒரு பீப்பாய் உண்டு: பூச்சில் கலந்துள்ள சீரியம் ஒட்சைட்டு. காற்று கூடும் கணத்தில் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும், பெற்றோல் கூடும் கணத்தில் அதை விட்டுக்கொடுக்கும். இதற்கு ஒட்சிசன் சேமிப்புத் திறன் என்று பெயர்.

கன்வேட்டருக்கு முன்னால் ஓர் ஒட்சிசன் சென்சர், பின்னால் ஒன்று. முன்னால் உள்ளது மேலும் கீழுமாக அலைந்துகொண்டே இருக்கும். பீப்பாய் பெரிதாக இருந்தால் பின்னால் உள்ளது ஏறக்குறைய நேர்கோட்டில் நிற்கும். பீப்பாய் சிறுத்துவிட்டால் பின் சென்சரும் முன் சென்சரைப் பார்த்து ஆடத் தொடங்கும். கம்பியூட்டர் அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்து விளக்கை எரியவிடும். ஸ்கேனரில் பி 0420 என்ற பழுது இலக்கம் வரும்.

அதாவது கம்பியூட்டர் நச்சுவாயுவை அளப்பதே இல்லை. பீப்பாயின் அளவைப் பார்த்து, "இவ்வளவு சிறிதாகிவிட்டதா, அப்படியென்றால் ஊக்கியும் செத்திருக்கும்" என்று ஊகிக்கிறது. மலிவான கன்வேட்டரில் சில்லறையைக் குறைக்கும் இடம் இரண்டு: விலையுயர்ந்த உலோகம், சீரியப் பூச்சு. புதிதாக இருக்கும்போது இரண்டும் போதுமான அளவு இருப்பதாகத் தோன்றும். சூடு பட்டுப் பட்டுத் தேயத் தொடங்கும்போது ஒரிஜினலில் கையிருப்பு மிஞ்சியிருக்கும், மலிவானதில் இருக்காது.

பின் சென்சருக்குக் குழாய்த்துண்டு ஒன்றைச் செருகி வெளியே தள்ளிவைத்து விளக்கை அணைக்கும் வித்தை பல கராஜ்களுக்குத் தெரியும். அது பீப்பாயைப் பெரிதாக்குவதில்லை, பீப்பாயைப் பார்க்கும் ஆளின் கண்ணைக் கட்டுகிறது. பின் சென்சரின் கணக்கைப் பெற்றோல் அளவைத் திருத்தவும் பயன்படுத்தும் வண்டிகளில் இதனால் எரிபொருள் செலவும் மாறும்.

இதுவரை: கன்வேட்டர் சூட்டில் வேலை செய்கிறது, சரியான கலவை கேட்கிறது, ஒட்சிசனைச் சேமித்து வைக்கிறது. எத்தனை காலம் தாங்கும் என்பதை உள்ளே இருக்கும் சில கிராம் உலோகமும் பூச்சும் தீர்மானிக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

நம் புகைச் சோதனை எதைப் பார்க்கிறது

இலங்கையில் காற்றின் தரத்துக்கான ஒழுங்குவிதிகள் 1980-ஆம் ஆண்டின் 47-ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஈயம் கலந்த பெற்றோல் 2002-இல் நிறுத்தப்பட்டது. கன்வேட்டர் என்ற பேச்சுக்கே அதுதான் தொடக்கம், ஏனென்றால் ஈயம் ஊக்கியின் மேல் படிந்து அதைக் கொன்றுவிடும். ஆண்டு புகைப் பரிசோதனை 2008-இல் தொடங்கியது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான உத்தரவுப் பத்திரம் புதுப்பிக்க முடியாது.

சோதனை நிலையத்தில் பெற்றோல் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பின்குழாய்க்குள் ஒரு குழலைச் செருகி, காபனோரொட்சைட்டு எத்தனை சதவீதம், ஐதரோகாபன் பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்று அளப்பார்கள்.

உள்ளே குத்தி எடுத்தாலும் சான்றிதழ் கிடைக்கும் என்று தொடக்கத்தில் பார்த்த வசனம் இங்கேதான் உண்மையாகிறது. பெற்றோலை ஊசி மூலம் அளந்து தெளிக்கும் இன்றைய எஞ்சின் ஒன்று நல்ல நிலையில் இருந்தால், கன்வேட்டருக்குள் நுழையும் முன்பே அதன் காபனோரொட்சைட்டு அரை முதல் ஒரு சதவீதம் அளவில்தான் இருக்கும். நல்ல கன்வேட்டர் அதை 0.1 சதவீதத்துக்கும் கீழே இறக்கும். ஆனால் சோதனையின் எல்லை, கன்வேட்டரே இல்லாத பழைய வண்டிகளையும் மனதில் வைத்துப் போடப்பட்டது, அதனால் உயரத்தில் நிற்கிறது. வெற்றுப் பெட்டியோடு வரும் வண்டியும் கீழே குனிந்து நுழைந்துவிடும். நைதரசன் ஒட்சைட்டுக்கோ அளவே எடுப்பதில்லை. எடுத்தாலும் பெரிய பலன் இருக்காது: அது எஞ்சின் பாரம் இழுக்கும்போது, சிலிண்டருக்குள் வெப்பம் ஏறும்போதுதான் அதிகம் உருவாகும். கினிகத்தேனை ஏற்றத்தில் ஐந்து பேரோடு ஏறும் காரும், சோதனை நிலையத்தில் சும்மா நிற்கும் அதே காரும் புகை விடயத்தில் இரண்டு வேறு வண்டிகள்.

அதற்காகப் புகைச் சோதனை பயனற்றது என்று சொல்லிவிட முடியாது. பிளக் செத்த வண்டி, கலவை கெட்ட வண்டி, எண்ணெய் எரிக்கும் வண்டி எல்லாம் அதில் அகப்படும். அப்படிப்பட்ட வண்டிகள் விடும் புகை கொஞ்சமல்ல. கன்வேட்டர் உயிரோடு இருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் அது பதில் சொல்லாது.

பாகத்தையே சோதிக்கும் சட்டங்கள்

அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு, 1975 மாதிரிக் கார்களில் கன்வேட்டர் பரவலாக வந்தது. புகையைக் கட்டுப்படுத்தும் எந்தப் பாகத்தையும் கழற்றுவதும் செயலிழக்கச் செய்வதும் அந்தச் சட்டப்படி குற்றம். சில ஆண்டில் கன்வேட்டர்கள் பழுதாகத் தொடங்கின, ஒரிஜினல் விலை அதிகம், மலிவான மாற்றுப் பாகங்கள் சந்தைக்கு வந்தன. ஒரிஜினலை எடுத்துவிட்டுத் தரம் குறைந்ததைப் போடுவது "செயலிழக்கச் செய்தல்" ஆகுமா, ஆகாதா?

அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 1986-இல் ஒரு நடுவழி வகுத்தது. புதிய மாற்றுக் கன்வேட்டர் 25,000 மைல், அதாவது ஏறக்குறைய 40,000 கிலோமீற்றர் ஓடிய பிறகும் ஐதரோகாபனில் 70 சதவீதம், காபனோரொட்சைட்டில் 70 சதவீதம், நைதரசன் ஒட்சைட்டில் 30 சதவீதம் குறைக்க வேண்டும். வெளித் தகடும் குழாயும் ஐந்து ஆண்டு அல்லது 50,000 மைல் தாங்க வேண்டும். இதற்கு உட்பட்டுச் செய்யப்பட்டால் வழக்கு இல்லை.

70 சதவீதம் என்றால் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். கணக்கை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். 95 சதவீதம் குறைக்கும் ஒரிஜினல் 5 பங்கை வெளியே விடுகிறது. 70 சதவீதம் குறைப்பது 30 பங்கை விடுகிறது. வெளியே வருவது ஆறு மடங்கு. ஆகவே அந்த நடுவழிக்குக் காவலும் போட்டார்கள்: நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது. வண்டி கராஜுக்கு வரும்போதே கன்வேட்டர் காணாமல் போயிருக்க வேண்டும், அல்லது அரசுப் பரிசோதனையில் அது பழுது என்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது உத்தரவாதக் காலம் முடிந்து, மாற்ற நியாயமான காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். 1995 மாதிரியிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் அந்த உத்தரவாதக் காலம் 8 ஆண்டு அல்லது 80,000 மைல். கழற்றிய பழையதை 15 நாள் வைத்திருக்க வேண்டும், பத்திரங்களை ஆறு மாதம். புதியது அதே வகையாக, ஒரிஜினல் இருந்த அதே இடத்தில் வர வேண்டும். இரண்டு இருந்த இடத்தில் ஒன்று போட்டு முடிக்கக் கூடாது.

கலிபோர்னியா இதைவிடக் கறார். 2009 ஜனவரி முதல் அங்கே விற்கும் மாற்றுக் கன்வேட்டர், வண்டியின் சொந்தக் கம்பியூட்டரோடு ஒத்துப்போக வேண்டும். மேலே சொன்ன பீப்பாய்ச் சோதனையில் அது பிழையாக விளக்கை எரியவிடவும் கூடாது, செத்த பிறகு எரியவிடாமல் இருக்கவும் கூடாது. வேறு வண்டியில் கழற்றிய பழைய கன்வேட்டர் விற்பதை அன்றோடு நிறுத்தினார்கள். அனுமதி பெற்ற ஒவ்வொன்றுக்கும் நிறைவேற்று ஆணை இலக்கம் ஒன்று உண்டு, அதை வெளித்தகட்டில் நிரந்தரமாகப் பொறிக்க வேண்டும்.

ஐரோப்பாவில் இருப்பது ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழு வகுத்த 103-ஆம் இலக்க ஒழுங்குவிதி. அதன் முறை கொஞ்சம் அழகானது. குறிப்பிட்ட காரில் முதலில் ஒரிஜினலைப் போட்டுப் புகையை அளப்பார்கள், பிறகு மாற்றுப் பாகத்தைப் போட்டு அதே ஓட்டத்தை ஓட்டி அளப்பார்கள். மாற்றுப் பாகம் சட்ட எல்லையையும் தாண்டக் கூடாது, ஒரிஜினலின் அளவிலிருந்து மிகவும் விலகவும் கூடாது.

மூன்று முறையிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. அனுமதி பெட்டிக்கு மட்டும் கொடுக்கப்படுவதில்லை, "இந்தப் பெட்டி, இந்த வண்டியில்" என்ற சோடிக்குக் கொடுக்கப்படுகிறது.

முத்திரையை வாசிப்பது

உதிரிப்பாகக் கடையில் எடுத்துக் காட்டும் பெட்டியில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் அது ஐரோப்பிய முறை அனுமதி. 1 என்றால் ஜேர்மனி, 2 பிரான்ஸ், 4 நெதர்லாந்து, 11 பிரித்தானியா. இது அனுமதி கொடுத்த நாடு, செய்த நாடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சீனாவில் செய்த பாகத்தில் 4 இருப்பதில் தவறு எதுவும் இல்லை.

வட்டத்தைப் பார்த்ததும் திருப்தி அடைந்துவிடாதீர்கள். பக்கத்தில் உள்ள இலக்கத்தைப் பாருங்கள். 103-உம் 'ஆர்' எழுத்தும் இருந்தால் அது புகை பற்றிய அனுமதி. 59 என்று தொடங்கினால் அது மாற்றுச் சைலன்சரின் சத்தம் பற்றிய ஒழுங்குவிதி. சத்தத்துக்கு வாங்கிய முத்திரையைக் காட்டிப் புகைக்கு விற்பது நடக்கும். விற்பவருக்கே வேறுபாடு தெரியாமலும் இருக்கும்.

ஸ்டிக்கரில் அச்சடித்த முத்திரை பெறுமதி அற்றது. உலோகத்தில் குத்தியோ தகடாகப் பற்றவைத்தோ இருக்க வேண்டும், ஏனென்றால் அது பல ஆண்டு சூட்டைத் தாங்க வேண்டியது.

பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மலைநாட்டு ரோட்டில் ஓடும் சின்னக் கார்களில் பல, ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த 660 சீசீ வகை. அவை கலிபோர்னியாவிலோ ஐரோப்பாவிலோ விற்பனைக்குப் போனதே இல்லை. எனவே அந்தச் சோடிக்கு அனுமதியும் இருக்காது. வேறொரு ஐரோப்பியக் காருக்கு அனுமதி வாங்கிய பெட்டி உங்கள் 660-க்குப் பொருந்துகிறது என்றால், குழாய் பொருந்துகிறது என்றுதான் அர்த்தம். இப்படிப்பட்ட வண்டிக்கு நம்பத்தக்க வழி, ஒரிஜினல் பாக இலக்கத்தைக் கேட்டு அதே இலக்கத்தில் வாங்குவதுதான்.

ஜப்பானில் கழற்றிய "ரீகண்டிஷன்" கன்வேட்டர் இரண்டாவது தெரிவு. அதே பாக இலக்கமா என்று பாருங்கள். ஒரு முனையில் டோர்ச் அடித்து மறுமுனையில் பார்த்தால் துளைகள் நேராக, முழுவதுமாகத் தெரிய வேண்டும். உருகிய குழி, உடைந்த மூலை, வெள்ளைச் சாம்பல் படிவு இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். குலுக்கினால் கடகட என்று சத்தம் வரக் கூடாது. இவ்வளவும் பார்த்தாலும் எண்ணெய் எரிந்து நஞ்சேறிய கன்வேட்டர் கண்ணுக்கு நல்லதாகவே தெரியும். அது ஒரு சூதாட்டம், ஆனால் பெயரில்லாத புதியதைவிடப் பல நேரம் நல்ல சூதாட்டம். 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025-இல்தான் திரும்பத் தொடங்கியதால், நம் ரோட்டில் கன்வேட்டர் வயதுபோன வண்டிகள் நிறைய. இந்தக் கேள்வி இன்னும் சில காலத்துக்கு அடிக்கடி வரும்.

மலை செய்யும் குழப்பம்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு இழுவையும் ஏறக்குறைய அதே அளவு குறையும். இறம்பொடை ஏற்றத்தில் கார் முனகுவதற்குக் காரணம் இதுதான். நல்ல நிலையில் உள்ள கன்வேட்டர் பறிக்கும் வலு முழு அக்சிலேட்டரில் சில சதவீதம். அதைக் கழற்றினால் மலையின் காற்று தடிக்கப் போவதில்லை. அடைத்துக்கொண்ட கன்வேட்டர் வேறு கதை: அது வண்டியை மூச்சுமுட்ட வைக்கும்.

அடைப்பா, உயரமா என்று எப்படிப் பிரிப்பது? கராஜில் வக்கியூம் கேஜ், அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சும் வலுவைக் காட்டும் மானி, போட்டுப் பார்ப்பார்கள். நல்ல எஞ்சினுக்குக் கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) காட்டும் என்பது புத்தகக் கணக்கு. ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஓர் அங்குலம் குறையும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. நுவரெலியாவில் ஆறு அங்குலம் குறைத்துப் பார்க்க வேண்டும். அங்கே 13 காட்டினால் எஞ்சின் நலமாக இருக்கிறது. கொழும்புக் கணக்கை வைத்துப் பார்த்தால் ஒரு நல்ல கன்வேட்டர் வீணாக வெட்டப்படும்.

நேரான வழி, முன் ஒட்சிசன் சென்சரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானி பொருத்துவது. ஐட்லிங்கில் சதுர அங்குலத்துக்கு ஒன்றரை இறாத்தலுக்குக் கீழும், நிமிடத்துக்கு 2,500 சுழற்சியில் மூன்றுக்குக் கீழும் இருந்தால் அடைப்பு இல்லை. உயர்ந்துகொண்டே போனால் உண்டு.

மலைப் பாதை கன்வேட்டரை வேறு வகையிலும் வதைக்கும். தோட்டத்தில் இருந்து டவுனுக்கு மூன்று கிலோமீற்றர், குளிர்காலை, பாதி வழி இறக்கம். இறக்கத்தில் அக்சிலேட்டரை விட்டால் பெற்றோல் நின்று வெறும் காற்றுத்தான் குழாயில் ஓடும். பெட்டி சூடாவதற்குள் ஊர் வந்துவிடும். ஹைபிரிட் கார்களில் எஞ்சின் இடையிடையே நிற்பதால் இது இன்னும் கூடும். தோட்டப் பாதைக் கல் பெட்டியில் மோதிப் பீங்கான் விரிசல் விடுவதும் உண்டு.

இந்தப் பகுதியின் சாரம்: இழுவைக் குறைவு முதலில் உயரத்தால் வரும். கன்வேட்டரைக் குறை சொல்லுமுன் அழுத்தத்தை அளக்க வேண்டும், அளந்த இலக்கத்தை உயரத்துக்குத் திருத்த வேண்டும்.

மாற்றுமுன், மாற்றும்போது

கன்வேட்டர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை, கொல்லப்படுகிறது. கொன்றதைக் கண்டுபிடிக்காமல் புதியதைப் போட்டால் அதுவும் சாகும். முதலாவது சந்தேகம் பிளக், கொயில். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அந்தப் பெற்றோல் கன்வேட்டருக்குள் போய் எரியும், பெட்டி செந்தணலாகும். செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் கம்பியூட்டர் இதைத்தான் சொல்கிறது. ஏற்றத்தில் மின்னத் தொடங்கினால் அக்சிலேட்டரை விடுங்கள், ஓரத்தில் நிறுத்துங்கள். இரண்டாவது சந்தேகம் எண்ணெய் குறைதல். எண்ணெயில் உள்ள பொசுபரசு ஊக்கியின் மேல் கண்ணாடிப் படலம் போலப் படியும். மூன்றாவது கூலண்ட் கசிவு. நான்காவது, உண்மையில் கன்வேட்டரே பழுதில்லை: பின் சென்சருக்கு முன்னால் குழாயில் ஓட்டை இருந்து வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது, அதைப் பார்த்து பி 0420 வருகிறது. ஒரு காஸ்கட் செலவில் முடிய வேண்டிய வேலை.

பொருத்தும்போது பெட்டியில் உள்ள அம்பு சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். எஞ்சினிலிருந்து உள்ள தூரம் ஒரிஜினலில் இருந்ததாகவே இருக்க வேண்டும். "வேலை லேசு" என்று ஓரடி பின்னால் வைத்துப் பற்றவைத்தால் மலைக் குளிரில் அது சூடாகவே மாட்டாது. வெல்டிங் செய்யுமுன் பற்றறியின் எதிர்முனை வயரைக் கழற்றுங்கள். காஸ்கட் புதியது போடுங்கள். சாதாரணச் சிலிக்கன் பசை பூச வேண்டாம், அதன் ஆவி சென்சரைக் கெடுக்கும். ஒட்சிசன் சென்சரை 40 முதல் 50 நியூற்றன் மீற்றர் இறுக்கத்தில் முடுக்குங்கள், புரியில் பூசும் கிரீஸ் அதன் முனையில் படக் கூடாது.

பிறகு ஸ்கேனரில் இலக்கத்தை அழித்துவிட்டு அதே நாளில் "சரியாகிவிட்டது" என்று சொல்வதை நம்பாதீர்கள். அழித்தவுடன் கம்பியூட்டரின் கன்வேட்டர் சோதனை "முடியவில்லை" என்ற நிலைக்குப் போகும். அது முடிய, சூடான எஞ்சினோடு ஒரே சீரான வேகத்தில் சில நிமிடம் ஓட வேண்டும். தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் நடுவே அப்படி ஒரு சமதரை எங்கே? கண்டிக்கு அப்பால் கீழே இறங்கி ஒரு தடவை போய்வரும் வரை அது முடியாமலே கிடக்கலாம். "முடிந்தது" என்று வந்த பிறகும் விளக்கு எரியாவிட்டால்தான் வேலை சரி. பணத்தின் ஒரு பகுதியை அதுவரை நிறுத்திவைக்கக் கராஜோடு முதலிலேயே பேசிக்கொள்ளலாம்.

டீசல் வான்காரருக்கு ஒரு வார்த்தை

டீசலில் கதை அதேதான், பாகங்கள் வேறு. கரித்தூளைப் பிடிக்கும் வடி, புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் வால்வு. வடியில் சேர்ந்த கரி எரிந்து துப்புரவாக ஏறக்குறைய 600 பாகை சூடு வேண்டும். பாடசாலை வான் மாதிரி நின்று நின்று ஓடினால் அந்தச் சூடு வராது, அடைக்கும். உடனே வடியைக் குடைந்து எடுப்பார்கள், வால்வுக்குத் தகடு அடிப்பார்கள். டீசல் சோதனையில் அக்சிலேட்டரை மிதித்து மிதித்துப் புகையின் கறுப்பை மட்டுமே அளக்கிறார்கள். அந்த வால்வு குறைக்க வந்தது கண்ணுக்குத் தெரியாத நைதரசன் ஒட்சைட்டை, ஆகவே தகடு அடித்தது அதில் தெரியவே வராது. மலைகளுக்கு நடுவே கிண்ணம் போலக் கிடக்கும் கண்டியில் அது வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கும்.

கழற்றியது எங்கே போகிறது

மாற்றிய பிறகு பழைய கன்வேட்டரைக் கேட்டு வாங்குங்கள். செத்த ஊக்கியிலும் பிளாட்டினமும் பலேடியமும் அப்படியே இருக்கும், பழைய இரும்புக்காரர் அதற்கு நல்ல விலை தருவார். அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்பதை வேலை தொடங்குமுன் பேசி, ரசீதில் எழுத வையுங்கள். பதினைந்து நாளாவது அதை விற்காமல் வைத்திருங்கள். புதியது பொருந்தாமல் போனாலோ, பழையது உண்மையில் நல்லதாக இருந்து பழுது வேறு இடத்தில் என்று தெரிந்தாலோ, திரும்பப் போடுவதற்கு ஒரிஜினல் கையில் இருக்கும். வீட்டில் வைத்து உடைத்துப் பார்க்க மட்டும் வேண்டாம், அந்தப் பீங்கான் தூள் நெஞ்சுக்குக் கூடாது.